முதலில் கட்டு, அப்புறம்தான் கட்டம்: சின்னப் பிள்ளைகளுக்கு இடமதிப்பு

ஆறேழு வயதுக் குழந்தை ஒன்றிடம் 16 குச்சிகளை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு அந்த எண்ணை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 16 என்று எழுதிவிடும். எழுதியதில் 6-ஐ விரலால் தொட்டு, "இதுக்கு எத்தனை குச்சி? எடுத்து இங்கே வை" என்று கேளுங்கள். ஆறு குச்சி வரும். அடுத்து 1-ஐத் தொட்டு அதையே கேளுங்கள். பல குழந்தைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்து வைக்கும். மீதி ஒன்பது குச்சி அப்படியே கிடக்கும். "அப்போ இதெல்லாம்?" என்று கேட்டால், "அது மிச்சம்" என்று பதில் வரும்.

நான் 19 ஆண்டுகளாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "அது மிச்சம்" என்ற பதிலை முதன்முதலில் ஒரு சிறுமி சொல்லிக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தைய வாரம்தான் கரும்பலகையில் 'பத்துகள்', 'ஒன்றுகள்' என்று நான் போட்ட கட்டத்தில் பதினைந்து எண்களை அவள் தப்பில்லாமல் நிரப்பியிருந்தாள். 34 என்றால் பத்துகளில் 3, ஒன்றுகளில் 4. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கொடுத்தவள் நான்தான். யோசித்துப் பார்த்தால், இடது பக்க இலக்கத்தை இடது கட்டத்திலும் வலது பக்க இலக்கத்தை வலது கட்டத்திலும் பார்த்து எழுதினாலே அந்தப் பயிற்சி முடிந்துவிடும். பத்து என்றால் என்ன என்று தெரிந்திருக்கத் தேவையே இல்லை.

அதற்குப் பிறகு என் வரிசையை மாற்றிக்கொண்டேன். கட்டம் கடைசியில்தான் வரும். முதல் மூன்று நான்கு வாரம் குச்சி, ரப்பர் பேண்டு, பிள்ளையின் இரண்டு கைகள், அவ்வளவுதான்.

குச்சிகளும் ரப்பர் பேண்டும்

ஒரு பிள்ளைக்கு ஐம்பது அறுபது குச்சி, வகுப்பு முழுவதற்குமாகப் பொதுவில் ஒரு நூற்றுக்கட்டு. தட்டையான, முனை மழுங்கிய மரக்குச்சி நல்லது. எல்லாம் ஒரே நீளம், ஒரே நிறம். பத்துக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று நிறம் பிரித்து வைக்காதீர்கள். அப்படி வைத்தால் "சிவப்புன்னா பத்து" என்று நிறத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து என்பது பத்து ஒன்றுகள் சேர்ந்தது என்ற விஷயம் நிறத்துக்குள் மறைந்துபோகும்.

ரப்பர் பேண்டு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மெல்லியது அறுந்து விரலில் அடித்தால், அந்தப் பிள்ளை அப்புறம் ரப்பர் பேண்டைத் தொடவே தயங்கும். ஒரு நாள் முழுக்க வெறுமனே கட்டவும் அவிழ்க்கவும் விட்டுவிடுங்கள். கணக்கே வேண்டாம். இரண்டு சுற்றுப் போடத் தெரிந்துவிட்டால் போதும். விரல் வலு இல்லாத பிள்ளைக்கு உள்ளே இருப்பது தெரிகிற சின்ன டப்பா கொடுக்கலாம், பத்து சேர்ந்ததும் மூடியைப் போடட்டும்.

நேரம் மிச்சமாகும் என்று நீங்களே பத்துப் பத்தாகக் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு 'பத்து' என்று பெயர் வைத்த ஒரு பொருளாகத்தான் தெரிந்தது. தான் எண்ணி, தானே கட்டிய கட்டில்தான் உள்ளே பத்து இருப்பது மனதில் நிற்கிறது.

எண்ணிக்கை தொலைய வேண்டும்

முதல் நாள் ஒரு குவியலைக் கொட்டுகிறேன். நாற்பத்துச் சொச்சம் இருக்கும். "எத்தனை இருக்கும்? பார்த்தே சொல்லு." ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைப்பேன். அப்புறம் எண்ணச் சொல்வேன். பாதியில் வேண்டுமென்றே பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்துவிட்டுக் குவியலுக்கு வந்தால் எண்ணிக்கை தொலைந்திருக்கும். மறுபடியும் ஒன்றிலிருந்து. மறுபடியும் கூப்பிடுவேன்.

மூன்றாம் முறை கேட்பேன்: "நான் கூப்பிட்டாலும் உன் எண்ணிக்கை தொலையாமல் இருக்க என்ன பண்ணலாம்?" இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் குச்சிகளைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரிப்பார். ஒருவர் ஐந்தாக, ஒருவர் நான்காக. அதையும் செய்துபார்க்கட்டும். பக்கத்துப் பிள்ளையின் குவியலோடு சேர்க்கும்போது கணக்கு இடிக்கும், ஏனென்றால் ஆளுக்கு ஓர் அளவு. "எல்லாரும் ஒரே அளவா வெச்சுக்கலாமா? கையில எத்தனை விரல் இருக்கு?" என்று அங்கே வைத்துப் பத்துக்கு வந்துவிடலாம்.

பத்து பிறந்ததும் விதி கண்டிப்பானது. ஒன்பதில் கட்டக் கூடாது, பதினொன்றிலும் கூடாது, பத்து சேர்ந்துவிட்டால் கட்டாமல் விடவும் கூடாது. பக்கத்தில் இருப்பவர் அவிழ்த்து எண்ணிப் பார்க்கலாம், தப்பாக இருந்தால் சொல்லலாம். சரிபார்ப்பது அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது நான்கு கட்டும் மூன்று குச்சியும் இருக்கிறது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் சில பிள்ளைகள் எல்லாக் கட்டையும் அவிழ்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பிப்பார்கள். தடுக்காதீர்கள். கட்டின் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். நாலைந்து நாள் கழித்து அதே பிள்ளை அவிழ்க்காமல், கட்டின் மேல் விரல் வைத்து "பத்து, இருபது, முப்பது, நாற்பது" என்று போய், தனிக் குச்சிக்கு வந்ததும் "நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு" என்று மாறும். அந்த மாற்றத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன். சில பிள்ளைகள் "நாற்பது, ஐம்பது, அறுபது..." என்று தனிக் குச்சியையும் பத்தாக எண்ணிக்கொண்டே போவார்கள். அப்போது ஒரு கட்டையும் ஒரு குச்சியையும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

இதோடு சேர்த்து, வருடத்தின் முதல் நாளிலிருந்து சுவரோரம் மூன்று டப்பா வைத்திருப்பேன். பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் வலது டப்பாவில் ஒரு குச்சி. பத்தாம் நாள் கட்டி நடு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். நூறாம் நாள் பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டி இடது டப்பாவுக்கு. தினமும் ஒரு நிமிடம்தான் ஆகும். 99-ஆம் நாள் மாலையிலிருந்தே வகுப்பு பரபரக்க ஆரம்பித்துவிடும்.

பெயரைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்

தமிழில் எண் சொல்லும் முறை இடமதிப்புக்குப் பெரிய துணை. பதினொன்று என்பதிலேயே பத்தும் ஒன்றும் கேட்கிறது. இருபது என்றால் இரு பத்து. இருபத்து மூன்று என்று சொல்லும் வரிசையும் 23 என்று எழுதும் வரிசையும் ஒன்றே. ஜெர்மன் மொழியில் இதையே 'மூன்றும் இருபதும்' என்று ஒன்றை முன்னால் போட்டுச் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலும் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை ஒன்றுதான் முதலில் வரும். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை 17-ஐ 71 என்று எழுதினால், அதே எண்ணைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். பத்து முன்னால் இருப்பது காதிலேயே விழும்.

ஆனால் தமிழிலும் ஒரு மேடு இருக்கிறது. எண்பது வரை ஒழுங்காக வந்த வரிசை, அடுத்து 'ஒன்பது பத்து' என்று வர வேண்டிய இடத்தில் தொண்ணூறு என்கிறது. அதற்குள் நூறு கேட்கிறது. அதேபோல எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம் கேட்கிறது. 'தொண்ணூற்று ஒன்று' எழுதச் சொன்னபோது 101 என்று எழுதிய பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அதனால் முதல் இரண்டு வாரம் எண்ணின் பெயரை நான் கேட்பதில்லை. "நாலு பத்து, மூணு ஒண்ணு" என்று கையில் இருப்பதை அப்படியே சொல்லட்டும். ஒன்பது கட்டு வந்தால் "ஒன்பது பத்து". அது நன்றாகப் பழகிய பிறகு, "இந்த ஒன்பது பத்துக்குத் தொண்ணூறுன்னு தனிப் பேர் இருக்கு" என்று சொன்னால் போதும். பொருள் கையில் இருக்கும்போது பெயர் விசித்திரமாக இருந்தாலும் குழப்பாது.

பக்கத்தில் உட்காருங்கள்

அடுத்தது பாய். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடது பாதியில் கட்டுகள், வலது பாதியில் தனிக் குச்சிகள். பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து இதைக் காட்டினால் உங்கள் வலது அதன் இடது. ஒரு முழு வாரம் நான் எதிரே உட்கார்ந்து காட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கத்திலிருந்து 24 ஆக இருந்ததை ஒரு பையன் 42 என்று படித்தான், நான் அவனைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. இப்போது எப்போதும் பிள்ளைக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக.

பாயின் ஒவ்வொரு பாதிக்கும் கீழே ஓர் இலக்க அட்டை. நான்கு கட்டுக்குக் கீழே 4, மூன்று குச்சிக்குக் கீழே 3. குச்சி மாறினால் அட்டையும் மாறும். 29-இல் ஒரு குச்சி சேர்க்கச் சொல்லுங்கள். வலது பக்கம் பத்து ஆகிவிடும், கட்டி இடது பக்கம் போக வேண்டும், அங்கே மூன்று கட்டு. வலது பக்கம் காலி. "காலின்னா கீழே என்ன அட்டை வைக்கலாம்?" ஒன்றும் வைக்காமல் விட்டால் வெறும் 3 மட்டும் நிற்கும். குச்சியை எடுத்துவிட்டு, பாயையும் எடுத்துவிட்டு, அந்த 3 அட்டையை மட்டும் பக்கத்து பெஞ்சுக்குக் கொண்டுபோய், "இது எத்தனை?" என்று கேட்கச் சொல்வேன். "மூணு" என்பார்கள். பூஜ்ஜியம் எதற்கு என்று அதற்கு மேல் நான் விளக்கியதில்லை.

இரண்டாம் வகுப்பு என்றால் இந்த இடத்தில் பழைய தமிழ் எண்களையும் காட்டுவேன். அதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். 234 என்பதை ௨௱௩௰௪ என்று, அதாவது 'இரண்டு நூறு மூன்று பத்து நான்கு' என்று, பிள்ளைகள் சொல்வது போலவே எழுதினார்கள். 204 வந்தால் ௨௱௪. பத்து இல்லை, அதனால் பத்தின் குறியும் இல்லை, பூஜ்ஜியமும் தேவையில்லை. குறியை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் நம்பி எழுதும்போதுதான் காலி இடத்தைக் காக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தங்கள் வயதைப் பழைய எண்ணில் எழுதிப் பார்க்க ஆசைப்படுவார்கள், விடுங்கள்.

கட்டையும் மணிச்சட்டமும் எப்போது

ஜோல்தான் தீன்ஸ் என்ற கணித அறிஞர் பெயரில் வழங்கும் கட்டைகள் பல பள்ளிகளில் உண்டு. ஒன்றுக்குச் சின்னக் கனசதுரம், பத்துக்குக் கோல், நூறுக்குப் பலகை. அருமையான பொருள், பத்து ஒன்றைவிடப் பத்து மடங்கு நீளமாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கோலை உடைக்க முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் குச்சிக்கு அடுத்துத்தான் அதைக் கொடுப்பேன். மணிச்சட்டம் அதற்கும் பிறகு. அதில் பத்தின் மணியும் ஒன்றின் மணியும் ஒரே அளவு, எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பணமும் இப்படித்தான், ஒரு தாள் பத்து நாணயத்துக்குச் சமம் என்று நம்ப வேண்டும். கட்டி அவிழ்த்துப் பழகாத பிள்ளையிடம் மணிச்சட்டத்தைக் கொடுத்தால் மறுபடியும் அந்தக் கரும்பலகைக் கட்டத்துக்கே வந்து நிற்போம்.

அட்டைகளில் ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். 1 முதல் 9 வரை இரண்டு விரல் அகல அட்டை, 10, 20 முதல் 90 வரை நான்கு விரல் அகலம், 100 முதல் 900 வரை ஆறு விரல் அகலம். 40 அட்டையின் வலது ஓரத்தில் 3 அட்டையை வைத்தால் பூஜ்ஜியம் மறைந்து 43 தெரியும். தூக்கினால் அடியில் 40 இருக்கும். விரிவாக்கம் என்று பாடத்தில் வருவது இதுதான். 'முந்நூற்று ஐந்து' என்றால் 3005 என்று எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கேட்டதை அப்படியே 300, 5 என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு அட்டையையும் கையில் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள், வலது ஓரம் சேர வேண்டும் என்பது மட்டும் விதி. 305 தானாக வந்து நிற்கும்.

19 பெரியதா, 21 பெரியதா என்பதில் நிறைய நேரம் செலவழிக்காதீர்கள். 9-ஐப் பார்த்து 19 என்று சொல்கிற பிள்ளையிடம் இரண்டையும் குச்சியில் வைக்கச் சொன்னால் ஒரே நாளில் சரியாகிவிடும்.

கழித்தலில்தான் தெரியும்

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுவார்கள். இது கழித்தலில் வந்த கோளாறு போலத் தெரியும். கட்டை அவிழ்க்கலாம் என்று தோன்றாததுதான் காரணம்.

போன ஆண்டு ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். பாயில் நான்கு கட்டு, இரண்டு குச்சி. "எனக்குப் பதினேழு வேணும். முதல்ல ஏழு தா" என்றேன். இரண்டு குச்சியையும் என் கையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். ஒரு கட்டை எடுத்து அப்படியே நீட்டினாள், உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள், "இது பத்து ஆச்சே." நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ரப்பர் பேண்டை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அவிழ்க்கட்டா?" என்றாள். அவிழ்த்ததும் குச்சிகள் பாயில் கொட்டின. ஐந்தை எண்ணி என்னிடம் தந்தாள். பிறகு ஒரு முழுக் கட்டு. பாயில் இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் இருந்தன.

எழுத்துக் கணக்கில் 4-ஐ அடித்து 3 போட்டு, 2-இன் மேல் 12 எழுதுவது இதன் படம்தான். அவிழ்ப்பதையும் எழுதுவதையும் சேர்த்தே செய்யுங்கள்: ரப்பர் பேண்டு கழன்றதும் பென்சில் 4-ஐ அடிக்க வேண்டும். 'கடன் வாங்குவது' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். ஒரு பையன் "எப்போ திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, ஏனென்றால் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. 'கட்டைப் பிரிப்பது' என்றே சொல்கிறோம், பாடநூலில் இனமாற்றம் என்ற சொல் வரும்போது "இதுதான் அது" என்று காட்டிவிடுவேன். கூட்டலில் 28-ம் 15-ம் சேரும்போது மேலே போடுகிற 1-ஐயும் தொட்டுக் கேளுங்கள்: "இது எத்தனை குச்சி?" "பத்து" என்று வந்தால் சரி.

இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பேர், ஒரு பகடை. ஆளுக்கு ஐந்து கட்டு. விழுகிற எண்ணிக்கைக்குக் குச்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், முதலில் தீர்ப்பவர் ஜெயித்தார். தனிக் குச்சி இல்லாமல் ஆரம்பிப்பதால் முதல் வீச்சிலேயே கட்டை அவிழ்த்தாக வேண்டும். ஒன்றிலிருந்து ஏறிப்போகிற ஆட்டத்தைவிட இறங்கி வருகிற இந்த ஆட்டம்தான் அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்பது என் அனுபவம்.

43-ஐ வேறு விதமாகக் காட்டச் சொல்வதையும் விடாமல் செய்யுங்கள். நாலு கட்டு மூன்று குச்சி, மூன்று கட்டு பதின்மூன்று குச்சி, இரண்டு கட்டு இருபத்து மூன்று குச்சி. "எல்லாம் 43-தானா?" என்று சந்தேகப்படுவார்கள், எண்ணிப் பார்க்கட்டும். இது கைவந்த பிள்ளைக்குக் கழித்தல் பெரிதாகச் சிரமம் தருவதில்லை.

நூறுக்குப் போகலாமா என்று பார்க்க, ஆரம்பத்தில் சொன்ன 16 சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 1-ஐத் தொட்டதும் பத்துக் குச்சி நகர்ந்தால் போகலாம். ஒரு குச்சி வந்தால் இன்னும் ஒரு வாரம் கட்டட்டும், அவசரமில்லை.

மூன்றிலக்கத்தில் நான் கடைசியாகக் கேட்பது இது: "230-இல் எத்தனை பத்து இருக்கு?" பலரும் 3 என்பார்கள், பத்தின் இடத்தில் 3-தானே இருக்கிறது. நான் தலையசைக்காமல், இரண்டு நூற்றுக்கட்டையும் மூன்று பத்துக்கட்டையும் முன்னால் வைப்பேன். பெரிய கட்டின் தடித்த ரப்பர் பேண்டைக் கழற்றினால் உள்ளே பத்துக்கட்டுகள் இருக்கும், அவர்களே நூறாம் நாள் கட்டியவை. ஒன்று, இரண்டு என்று விரல் வைத்துப் போய், மூன்று சின்னக் கட்டையும் சேர்த்து 23-இல் நிற்பார்கள். பிறகு பலகையில் எழுதியிருக்கும் 230-ஐப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து வந்து கடைசிப் பூஜ்ஜியத்தைக் கையால் மூடிப் பார்ப்பார்.